உப்பும் நெல்லும்: கடலோர இறால் வளர்ப்பின் வரலாறு

முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்தவை இரண்டு. ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. அகத்திணையியலில் அவர், திணைகள் தம்முள் மயங்குவதை விலக்கவில்லை. நிலங்கள் ஒருங்கே மயங்குவதை ஏற்கவில்லை. நிலம் மயங்காது என்றமையால் பொழுது மயங்கும் என்பது பெறப்படும் என உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம், உழவுக்கு வகுத்ததன்று. ஆயினும், நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் காவிரிக் கடைமடையில் 1990களில் நிகழ்ந்தவற்றை எண்ணும்போதெல்லாம் இவ்விலக்கணம் நினைவுக்கு வருகின்றது.

சங்கச் செய்யுட்களில் உப்பும் நெல்லும் நெடுநாள் உறவினர். உமணர்கள் உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குச் சென்றதையும், உப்புக்கு ஈடாக நெல்லைப் பெற்றதையும் நெய்தல் பாடல்கள் பல காட்டுகின்றன. இறா, இறவு என்னும் பெயர்களும் அப்பாடல்களில் உண்டு. அங்கே இறால் கழிக்கு உரியது. நாரைக்கும் குருகுக்கும் பரதவர் குடிலுக்கும் உணவானது. உப்பு நெல்லைத் தேடி ஊருக்குள் வந்ததேயன்றி, நெல் விளையும் மண்ணுக்குள் புகவில்லை. அது மண்ணுக்குள் புகுந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். நம் மூதாதையர் பாடிய இரு நிலங்களின் எல்லை எவ்வாறு அழிந்தது, அதனைக் காக்க யார் நின்றனர், சட்டம் என்ன செய்தது என்பனவற்றை ஒருவாறு தொகுத்து நோக்குவோம்.

நீரில் உணவு விளைத்த பழைய முறை

நீர்வாழ் உயிர்களை வளர்த்து உண்பது நமக்குப் புதியதன்று. தமிழகத்தின் ஏரிகளும் கண்மாய்களும் பாசனத்திற்கென வெட்டப்பட்டவை. எனினும் அவற்றின் மீனும் ஊருக்கு வருவாயாயிற்று. மீன்பிடி உரிமைக்குரிய வரியைக் குறிக்கும் பாசிப்பாட்டம் என்னும் சொல்லைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். மீன்பாசிக் குத்தகை என்று இன்றும் ஊர்களில் வழங்குவது அதன் வழிவந்ததே போலும். இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. முதல் உரிமை வயலுக்கு. வயல் குடித்து எஞ்சிய நீரில் வளர்ந்தது மீன். கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஊரே திரண்டு இறங்கும் மீன்பிடித் திருவிழா, அந்த வரிசையின் கடைசி நாள். நெல்லும் மீனும் ஒரே நீரை வெவ்வேறு பொழுதில் பயன்கொண்டன.

உவர்நிலத்தில் இம்முறை இன்னும் நுட்பமாக அமைந்தது. கேரளத்தின் ஆலப்புழை, எர்ணாகுளம், திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் பொக்காளி என்னும் நெல் விளைகின்றது. தென்மேற்குப் பருவமழை பெய்து நிலத்தின் உப்பைக் கழுவியபின், சூன் மாதத்தை ஒட்டி மண் மேடுகளில் விதைக்கின்றனர். ஆளுயரத்தை எட்டும் பயிர், வெள்ளத்திற்கும் ஓரளவு உவர்ப்பிற்கும் தாக்குப்பிடிக்கும். அக்டோபர் அளவில் கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுகின்றனர். நவம்பர் தொடங்கிக் கடல்நீர் ஏறிவரும்போது மதகைத் திறந்து ஓதத்தை உள்ளே விடுகின்றனர். நீரோடு இறால் குஞ்சுகளும் வந்துசேரும். அழுகிய தாளும் அதில் தோன்றும் நுண்ணுயிர்களும் அவற்றுக்கு இரையாகின்றன. நீர் வடியும் வேளையில் மதகில் வலைகட்டி, விளக்கு வைத்து, வளர்ந்த இறாலைப் பிடிக்கின்றனர். சித்திரைப் பிறப்போடு இறால் பருவம் முடியும். அதன்பின் எஞ்சியதை ஊரார் இறங்கிப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். அடுத்த மழை மீண்டும் உப்பைக் கழுவும், மீண்டும் நெல்.

இங்கே உரமில்லை, விலைகொடுத்து வாங்கிய தீவனமில்லை. இறாலின் கழிவு நெல்லுக்கு எருவாகிறது. நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, உப்புக்கு ஒரு கெடு வைக்கப்பட்டிருந்தது. ஆறு திங்கள் வரலாம். பின்பு வெளியேற வேண்டும். நிலத்தை இரண்டாக வெட்டாமல் பொழுதை இரண்டாகப் பகுத்த ஏற்பாடு இது. வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் பேரி எனப்படும் கரைகட்டிய நீர்நிலைகளிலும் ஓதத்தை உள்ளே விட்டு மீனும் இறாலும் வளர்க்கும் பழக்கம் தொன்றுதொட்டு உண்டு. விளைச்சல் மிகுதியாக இராது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

புதிய இறால்

இம்முறையை மாற்றிய அறிவியல் சப்பானில் தோன்றியது. மோட்டோசாகு ஃபூஜினாகா என்னும் ஆய்வாளர் 1930களில் குருமா என்னும் இறால் வகையை அடைப்பில் வைத்து முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். அதுவரை ஓதம் கொண்டுவந்த குஞ்சுக்காகக் காத்திருந்த மனிதன், தானே குஞ்சை உண்டாக்கக் கற்றான். 1960களின் இறுதியில் தைவான் ஆய்வாளர்கள் வரி இறாலிலும் இதனைச் செய்து வெற்றி கண்டனர். பொரிப்பகம், ஆலைத் தீவனம், நீரில் காற்றூட்டும் துடுப்புச் சக்கரம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது இறால் வளர்ப்பு பருவத்தினின்று விடுபட்டது. தைவான் ஆசியாவின் முன்மாதிரி ஆயிற்று. ஆனால் 1987, 1988ஆம் ஆண்டுகளில் நோயால் அந்நாட்டின் வரி இறால் உற்பத்தி பாதிக்கும் கீழாகச் சரிந்தது. நெருக்கி வளர்த்ததும், கழிவுநீர் தேங்கியதும், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததும் அதன் காரணங்களாகச் சுட்டப்பெற்றன. பாடம் நம் கண்முன்னேயே இருந்தது.

அந்த வீழ்ச்சிக்குப் பின்னரே இந்தியாவில் எழுச்சி தொடங்கியது. 1972இல் அமைந்த கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் இறால் வளர்ப்பை ஊக்குவித்தது. 1987இல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின் பெருங்குழுமங்கள் இத்துறையில் இறங்கின. ஆந்திரத்தின் நெல்லூர்க் கரையிலும், அதனைத் தொடர்ந்து தமிழகக் கரையிலும் குளங்கள் பெருகின. சப்பானும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வாங்கக் காத்திருந்தன.

பண்ணைக் குளம் இயங்கும் விதத்தை அறிந்தாலன்றிப் பின்வந்த பூசலின் காரணம் விளங்காது. நிலத்தை அகழ்ந்து கரை உயர்த்தி, கடல்நீரையோ கழிநீரையோ இறைத்து நிரப்புவர். வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மிகும்போது, அதனைத் தணிக்க ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நன்னீரைக் கலப்பர். குஞ்சு விட்டது முதல் நான்கைந்து திங்கள் தீவனம் இட்டு வளர்ப்பர். தின்னாத தீவனமும் கழிவும் குளத்தின் அடியில் படியும். அவ்வப்போது நீரை மாற்றி, பழைய நீரை வாய்க்காலில் விடுவர். ஒரு பண்ணை வெளியேற்றியதை அடுத்த பண்ணை உள்ளிழுக்கும். குளத்தின் உப்பு கரையின் அடியாகக் கசிந்து பக்கத்து வயலுக்குள் செல்லும். உப்பேறிய களிமண் தன் கட்டுமானத்தை இழந்து இறுகும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச இயலாது. மேலே நன்னீரை இறைக்க இறைக்க, கீழே கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரும். முதலில் வயல் கெடும். அடுத்துக் குடிநீர்க் கிணறு கெடும்.

பழைய முறையில் உப்பு பருவத்தில் வந்து பருவத்தில் சென்றது. புதிய முறையில் அது நிலையாகக் குடியேறியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

கடைமடையில் நிகழ்ந்தது

தஞ்சைத் தரணியின் கீழ்ப்பகுதி 1991 அக்டோபரில் நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டமாயிற்று. காவிரியின் கிளையாறுகள் கடலைச் சேரும் இடம் அது. மேட்டூரில் திறந்த நீர் எல்லா வயல்களையும் கடந்து கடைசியாக வந்துசேரும் நிலம். அதனாலேயே கடைமடை எனப்படுகிறது. நீர் குறைந்த ஆண்டில் முதலில் காய்வதும் அதுவே. காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்கால ஆணையை 1991 சூனில் வழங்கிய காலம், தண்ணீருக்கான தவிப்பு மிகுந்திருந்த காலம். ஆற்று நீர் அழுத்தி வரும்வரை கடல் பின்வாங்கி நிற்கும்; ஆறு மெலிந்தால் கடல் முன்னேறும். சாகுபடி பொய்த்த கடைமடை உழவன் முன் நிலத்தை வாங்க ஒருவர் வந்து நின்றால், அவன் விற்றதைப் பழித்தல் எளிதன்று. இறால் பண்ணைகளின் வருகைக்குப் பேராசை ஒரு காரணம் என்றால், வராத காவிரி மற்றொரு காரணம்.

நிலம் விற்றவனுக்குப் பணமேனும் கிடைத்தது. நிலமில்லாதவர் நிலை வேறு. நெல் வயல் ஊரையே இழுத்துப் பிடித்திருக்கும் தொழில். நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுப்பு, கதிரடிப்பு என ஆண்டின் பல திங்கள் ஆண்களும் பெண்களும் அதனை நம்பி வாழ்ந்தனர். கூலி நெல்லாக அளக்கப்பட்ட வீட்டில் வயலே களஞ்சியம். குளம் வெட்டியபின் அதே பரப்பிற்குக் காவலுக்கும் தீவனமிடவும் சிலரே போதும். நடவுப் பாட்டு ஒலித்த இடத்தில் நடுவதற்கு ஒன்றுமில்லை. வயலோரத்துப் புல்லும் கீரையும் நண்டும் நத்தையும், கணக்கில் எழுதப்படாத அத்தனை உணவும் அதோடு மறைந்தன. மீனவர்க்கும் இழப்பு உண்டு. கடலுக்குச் செல்லும் வழிகள் பல இடங்களில் வேலியால் மறிக்கப்பட்டன. கழிநீர் கலந்த முகத்துவாரங்களில் மீன் குறைந்ததாகவும் அவர்கள் முறையிட்டனர்.

இந்நிலத்தின் கூலிக்கு ஒரு குருதி வரலாறு உண்டு என்பதையும் மறத்தலாகாது. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில், கூடுதல் நெற்கூலி கேட்ட தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அரைப்படி நெல் கூடக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் அளப்பதற்கு நெல்லே இல்லாமற்போகும் நிலை எழுந்தது.

அறப்போர்

அவ்வெண்மணித் துயரமே கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் என்னும் காந்திய இணையரைக் கீழத்தஞ்சைக்கு அழைத்துவந்தது. வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் அவர்கள். நிலமில்லாதவர்க்கு நிலம் கிடைத்தாலன்றி வெண்மணிகள் ஓயா என்று கருதி, 1981இல் உழுவோர் நிலவுரிமை இயக்கத்தை நிறுவினர். லாப்டி என்று அது வழங்கப்பெறுகின்றது. நில உரிமையாளர்களுடன் பேசி, வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் பெற்று, உழைக்கும் பெண்களின் பெயரில் குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தனர். ஒரு கை ஏக்கர் ஏக்கராக ஏழைக்கு நிலம் சேர்த்துக்கொண்டிருந்த அதே மாவட்டத்தில், மற்றொரு கை நூறு நூறு ஏக்கராக நிலத்தை வாங்கி உப்புநீரில் ஆழ்த்தத் தொடங்கியது. மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

ஜெகந்நாதன் 1914இல் பிறந்தவர். எண்பது வயதை நெருங்கும் காலத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்து அறப்போரில் இறங்கினார். உண்ணாநோன்பு, நடைப்பயணம், பண்ணை வாயிலில் மறியல் என அது நீண்டது. பெண்கள் முன்னணியில் நின்றனர். சிறையேகினர்.

இவ்விடத்தில் வரலாறு காட்டும் ஒரு முரணை நோக்குதல் வேண்டும். 1930 ஏப்ரலில் இராசாசி தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியினின்று நடந்து வந்து உப்பெடுத்தது இம்மாவட்டத்தின் வேதாரணியத்தில். உப்பு நம்முடையது என்று சொல்ல அன்று அறப்போர் நடந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், உப்பு எம் வயலுக்குள் வரலாகாது என்று சொல்ல அதே கடலோரத்தில் அறப்போர் நடந்தது. இரண்டிலும் ஒரே வினாதான் இருந்தது: ஒரு கரையின் நீரையும் மண்ணையும் என்ன செய்வதென்று முடிவு செய்யும் உரிமை, அங்கு வாழ்பவர்க்கா, அங்கிருந்து பொருள் எடுத்துச் செல்பவர்க்கா?

தீர்ப்பு

1994இல் கிராம சுயராச்சிய இயக்கத்தின் தலைவர் என்னும் முறையில் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதே, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர்களை அனுப்பிக் கரையோரங்களைப் பார்வையிடச் செய்தது நீதிமன்றம். இறால் விற்று ஈட்டுவதினும் மண்ணுக்கும் நீருக்கும் மக்கள் பிழைப்புக்கும் நேரும் இழப்பு பெரிது என்பது அந்நிறுவனம் கண்ட முடிவு. இதற்கிடையே தமிழக அரசும் 1995இல் நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது.

1996 திசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் அடங்கிய ஆயம் தீர்ப்பு வழங்கியது. சட்ட வினா ஒன்றே. 1991 பிப்ரவரி 19ஆம் நாளிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள், நீர்முகத்தோடு நேரடித் தொடர்புடைய தொழில்கள் தவிரப் பிறவற்றைத் தடை செய்திருந்தது. இறால் பண்ணை அத்தகைய தொடர்புடைய தொழிலா? அன்று என்றது நீதிமன்றம். அதனைத் தொடர்ந்து பிறந்தன ஆணைகள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள்ளும், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் இறால் குளம் அமைத்தல் கூடாது. இருப்பவை 1997 மார்ச்சு 31க்குள் அகற்றப்படல் வேண்டும். வேளாண் நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், காட்டு நிலம், ஊர்ப் பொது நிலம் ஆகிய எவற்றையும் இறால் குளமாக மாற்றலாகாது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்க்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறாண்டு ஊதியமும் தரப்படல் வேண்டும். கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும். இவற்றை நிறைவேற்ற அதிகாரம் படைத்த ஆணையம் ஒன்று நிறுவப்படல் வேண்டும்.

இத்தீர்ப்பில் நமக்கு இரண்டு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, மரபுவழி வளர்ப்பையும் திருத்திய மரபுவழி வளர்ப்பையும் நீதிமன்றம் தடையினின்று விலக்கியது. பொக்காளியையும் பேரியையும் ஒத்த முறைகளுக்கும் ஆலைபோல் இயங்கும் குளத்திற்கும் உள்ள வேறுபாட்டை அது கண்டுகொண்டது. இறாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வளர்க்கும் விதத்தையே ஏற்றியது. இரண்டாவது, இனி ஒரு பண்ணைக்கு இசைவு தருமுன் தலைமுறைகளுக்கு இடையிலான நியாயத்தைக் கருத வேண்டும் என்றது. பிறவாத பிள்ளையையும் வழக்கில் ஒரு தரப்பாக ஏற்ற சொல் அது.

தீர்ப்புக்குப் பின்

நீதிமன்றம் தீர்ப்பளிக்குமுன்பே இயற்கை ஒரு தீர்ப்பை எழுதத் தொடங்கியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தோன்றிய வெண்புள்ளி நோய், 1994இன் இறுதியில் நம் கிழக்குக் கரையை எட்டியது. ஓட்டில் வெண்புள்ளிகள் தோன்றிய சில நாட்களில் குளம் முழுதும் மடியும். கால்வாய் நீர் வழியே ஒரு பண்ணையின் நோய் மறு பண்ணைக்குப் பரவியது. கடன் வாங்கி இறங்கிய சிறு பண்ணையாளர் பலர் நொடித்தனர். உப்பேறிய நிலங்கள் மட்டும் நெல்லுக்குத் திரும்பாமல் எஞ்சின.

தீர்ப்பின் வழி 1997 பிப்ரவரியில் ஆணையம் அமைந்தது. குளங்கள் இடிக்கப்படவில்லை. தொழில்துறையினரும் அரசுகளும் மறுஆய்வு மனுக்களைத் தாக்கல் செய்ய, இடிப்பாணை 1997இலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் 27ஆம் பிரிவு வரலாற்று மாணவர் ஊன்றிப் படிக்கத்தக்கது. 1991ஆம் ஆண்டு அறிவிக்கையின் தடை கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பிற்குப் பொருந்தாது என்னும் வாசகத்தை, அவ்வறிவிக்கையில் தொடக்கம் முதலே இருந்ததாகக் கொள்ளுமாறு அது விதித்தது. எந்த வரியைப் படித்து 1996இல் தீர்ப்பு எழுதப்பட்டதோ, அந்த வரியின் பொருளைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னோக்கிச் சென்று மாற்றியது 2005ஆம் ஆண்டுச் சட்டம். தீர்ப்பு தள்ளுபடியாகவில்லை; அது நின்ற தரை அகற்றப்பட்டது.

நடுநிலை பிறழாது சொல்வதாயின், இச்சட்டத்தால் விளைந்த நன்மைகளும் உள. பண்ணைகள் பதிவு செய்யப்படல் கட்டாயமாயிற்று. உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்ற வரையறை வந்தது. 500 மீட்டர் 200 ஆயிற்று என்று வருந்துவோரும் உளர். எல்லையே இல்லாதிருந்ததற்கு இது மேல் என்போரும் உளர். 2009இல் தென்னமெரிக்க, நடு அமெரிக்கப் பசிபிக் கரைக்குரிய வனாமி இறாலை வளர்க்க இசைவளிக்கப்பட்டது. நோயற்ற தாய் இறால்களை இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் அமைந்த தடுப்புக்காப்பு நிலையத்தில் வைத்துச் சோதித்தபின் பொரிப்பகங்களுக்கு அளித்தனர். ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேற்படாமல் விடவும், கழிவுநீரைத் தூய்மை செய்து வெளியேற்றவும் விதி செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் வனாமி வரி இறாலை ஏறத்தாழ முழுதும் அகற்றி அதன் இடத்தைப் பிடித்தது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டபோது, விதி மீறலுக்கு இருந்த சிறைத்தண்டனை நீங்கிப் பணத்தண்டம் மட்டும் நின்றது.

கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் 2008இல் மாற்று நோபல் எனப் போற்றப்படும் நல்வாழ்வுரிமைப் பரிசு வழங்கப்பெற்றது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். அவர் வென்ற வழக்கு சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்பெறுகின்றது. கடலோரத்தில் குளங்கள் தொடர்கின்றன.

எஞ்சி நிற்கும் வினா

நீர்வாழ் உயிர் வளர்ப்பே தீது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வளர்த்தெடுக்கப்பட்ட மீன், இறால் முதலிய நீர்வாழ் விலங்குகள் 9 கோடியே 44 இலட்சம் டன். இயற்கை நீர்நிலைகளில் பிடிக்கப்பட்டதை வளர்க்கப்பட்டது விஞ்சியது அவ்வாண்டில்தான். கடலின் வளம் எல்லை கண்டுவிட்ட காலத்தில், பெருகும் மக்களுக்குப் புரதம் தரும் வழிகளுள் இதுவும் ஒன்று. குளத்துக் கெண்டையும் ஏரி மீனும் ஏழையின் தட்டுக்கு வருவன.

ஏற்றுமதி இறாலின் கணக்கு வேறு. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடலுணவின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உறைய வைத்த இறால். எடை 7 இலட்சத்து 16 ஆயிரம் டன். இதனால் பிழைப்போர் பலர். பொரிப்பகங்களிலும் பதப்படுத்தும் கூடங்களிலும் பெண்கள் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவர்கள் வாழ்வை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் உணவு உற்பத்தி என்ற பெயரில் இது பேசப்படும்போது, யாருக்கு உணவு என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடன். நெல் விளைந்த நிலம் விளைத்தவர்க்கே முதலில் சோறிட்டது. அந்நிலத்து இறால் கடல் கடந்து செல்லும்; அதனை வளர்த்த ஊர் குடிநீரை வண்டியில் வாங்கும் என்றால், அங்கே விளைந்தது செல்வமாக இருக்கலாம்; உணவு என்று சொல்லத் தயக்கம் உண்டாகின்றது.

பொக்காளியும் இன்று வாழ்ந்து செழிக்கிறது என்று சொல்வதற்கில்லை. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பரப்பு சுருங்கிவிட்டது. நெல்லைவிட இறாலுக்கு வருவாய் மிகுதி என்பதால், ஆண்டு முழுதும் உப்புநீரை நிறுத்திவைக்கும் ஆசை அங்கும் எழுந்துள்ளது. ஒரு நெல், ஒரு மீன் என்பதை அரசு கொள்கையாகவே வகுத்துச் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. முன்பு யாரும் சொல்லாமலே நடந்தது அது.

நீடித்த வளர்ச்சி என்ற தொடரை இக்காலத்தில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு நம் மண்ணில் பொருள் தேடினால் முறை என்ற ஒரு சொல்லே போதும். வாய்க்கால் நீரைப் பகிர முறை வைத்தனர்; கண்மாய் மீனுக்கு முறை வைத்தனர்; உப்புக்கும் முறை வைத்தனர். முறை இருந்தவரை இரண்டு உணவுகள் ஒரே நிலத்தில் விளைந்தன. அது போனபோது ஒன்று மற்றொன்றை விழுங்கியது. புதிய அறிவியலைப் புறந்தள்ள வேண்டுவதில்லை. எந்த அறிவியல் வந்தாலும், உப்பு எப்போது வரும், எப்போது வெளியேறும், அதனை யார் முடிவு செய்வர் என்ற மூன்று வினாக்களுக்கு அது விடை சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு கேட்டதும் இவ்வினாக்களையே. விடை இன்னும் எழுதப்படவில்லை.

பத்தாம் ஆண்டு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்தலையும் மருதத்தையும் நாம் இன்றும் பாடுகிறோம். அவை பழைய ஏட்டில் மட்டும் இருக்கும் நிலங்கள் அல்ல. பேருந்து ஏறினால் காணக்கூடிய நிலங்கள். சீர்காழிக்கும் வேதாரணியத்துக்கும் இடையே ஒருநாள் நடந்து பார்த்தல் நலம். வரப்பின் ஒருபுறம் நெல்லும் மறுபுறம் துடுப்புச் சக்கரம் சுழலும் குளமும் காணப்படும். வரப்போரத்து மண்ணை எடுத்து நாவில் வைத்தால், தொல்காப்பியர் மயங்கலாகாது என்ற இரு நிலங்கள் மயங்கியமை புலனாகும். அதன்பின் எழுதப்படும் நெய்தற் பாட்டு வேறாக இருக்கும்.